தினமும் சொந்த மூஞ்சியையே வரையறது: யாருக்காவது பழக்கமா நிலைச்சிருக்கா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்குச் சித்தூர் தாலுகா, பாலக்காட்டு எல்லை. கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடத்துல நல்லா வரைவேன்னு பேரு இருந்தது. அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம்னு பென்சிலைத் தொடவே இல்லை. இப்ப மறுபடியும் தினமும் வரையணும்னு ஆசை.

வேலை முடிஞ்சு வந்து நோட்டைத் திறந்தா 'எதை வரையறது'ங்கற யோசனையிலயே நேரம் போயிடுது. பனைமரம் வரையலாம்னா வெயில். வீட்டம்மாவை உக்காரச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல குக்கர் கூப்பிடுது. அதனால பீரோ கண்ணாடி முன்னாடி ஸ்டூலைப் போட்டு என் மூஞ்சியையே வரைய ஆரம்பிச்சுட்டேன். கூலி கேக்காது, கூப்பிட்ட நேரத்துக்கு வரும்.

கொஞ்ச நாளா ஓடுது. ஆனா ஒண்ணுகூட என்னை மாதிரி இல்லீங்க. தங்கச்சி பையன் பாத்துட்டு, "மாமா, இந்த ஆளைப் போலீஸ் தேடுதா?"ங்கறான். கண்ணாடி பாத்து வரையறது நல்லதா, போன்ல போட்டோ எடுத்து வரையறதா? எத்தனை நாள் விடாம வரைஞ்சா பழக்கம் ஆகும்? நெட்டுல 21 நாள்ங்கறாங்க. எங்கம்மா ஒரு மண்டலம்ங்கறாங்க. அம்மாவுக்கு மண்டலம்னா 48, பக்கத்து வீட்டு சேச்சிக்கு 41. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல.


வாளையார் பாஸ்:

போட்டோதான் ப்ரோ. ஒரு செல்ஃபி, மேல கட்டம் போடு, கட்டம் கட்டமா காப்பி அடி. ஒரே நாள்ல உன்னை மாதிரி வந்துரும். மருமகனும் வாயை மூடிக்குவான்.


பாறசாலை டிராயிங் சார்:

தம்பி, போனை மடக்கி வைங்க. கை நீட்டுற தூரத்துல எடுத்த படத்துல மூக்கு வீங்கித்தான் இருக்கும். 2018ல அமெரிக்காவுல டாக்டர்மாரு இதைக் கணக்குப் போட்டே காட்டினாங்க. 12 அங்குல தூரத்துல எடுத்தா, 5 அடி தூரத்துல எடுக்கறதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாட்டு தெரியுமாம். அந்தப் படத்தை எவ்வளவு ஒழுங்காட்டு காப்பி அடிச்சாலும் தப்பான மூக்கைத்தான் ஒழுங்காட்டு வரைஞ்சிருப்பீங்க. இன்னொண்ணு, எது முன்னால எது பின்னாலங்கற தீர்மானத்தை போன் முன்னமே எடுத்து, எல்லாத்தையும் தட்டையாக்கி வச்சிரும். அந்தத் தீர்மானம் எடுக்கப் படிக்கறதுக்குத்தான நாம பென்சில் பிடிக்கோம்?

கண்ணாடியில ஒரு காரியம் செஞ்சு பாருங்க. நேரா நின்னு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கண்ணாடியில தெரியுற உங்க முகத்துக்க வெளிக்கோட்டை ஈர சோப்பால கண்ணாடி மேலயே இழுங்க. பிறவு ஸ்கேல் வச்சு அளங்க. உங்க தலையில நேர் பாதிதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்னாலும், ஒட்டி நின்னாலும் அதே அளவுதான். உங்க பிம்பம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம் நிக்கிற அதே தூரத்துல நிக்குது. கண்ணாடி சரிநடுவுல இருக்கு. அதான் பாதி. பெரியவங்க தலை உச்சியிலேருந்து தாடை வரை 22, 23 செ.மீ. வரும். அப்போ கண்ணாடி மேல 11, 12 தான். ஏ5 நோட்டுல கச்சிதமாட்டு அடங்கிரும். கண்ணாடிக்குக் கை எட்டுற தூரத்துல உக்காந்து, பென்சிலைக் கண்ணாடி மேல வச்சு அளந்து, அதே அளவைப் பேப்பர்ல வச்சிரலாம். பெருசாக்கவும் வேண்டாம், சிறுசாக்கவும் வேண்டாம்.

தலை அசைஞ்சா எல்லாம் போச்சு. உங்க வீட்டு பீரோ கண்ணாடியிலயும் ஓரத்துல ஸ்டிக்கர் பொட்டு வரிசையா ஒட்டியிருக்கும் இல்லியா? அதுல ஒண்ணை எடுத்து மூக்கு நுனி தெரியுற இடத்துல ஒட்டுங்க. நிமிந்து பாக்கும்போதெல்லாம் மூக்கைக் கொண்டுபோய் பொட்டுல சேத்துக்கிட்டு, பிறவு வரைங்க.

'என்னை மாதிரி இல்லை'ங்கறதுக்கு நான் வகுப்புல பாத்த காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான். கண்ணை மேல கொண்டு வச்சிருவாங்க. உச்சியிலேருந்து தாடை வரை அளந்து பாருங்க, கண் சரிபாதியில நிக்கும். நெத்தியும் முடியும் ஒண்ணுமில்லாத இடமாட்டு தோணும்; அதைச் சுருக்கிட்டு கண், மூக்கு, வாய்க்கு இடம் கொடுத்திருவோம். ரெண்டு கண்ணுக்கு நடுவுல இன்னொரு கண் அகலம். தலைக்க அகலம் அஞ்சு கண். காது புருவத்துக்கும் மூக்கு அடிக்கும் நேரா. இதெல்லாம் பொதுக்கணக்கு. உங்க முகம் இந்தக் கணக்கை எங்க மீறுதோ அதைப் பிடிச்சா ஆள் வந்துருவாரு. ஒரு மாசத்துக்கு அளவை மட்டும் பாருங்க. ஆள் ஜாடை ஒத்துமையை மறந்துருங்க.


கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மாஷே, சோப்பு வேலை பாத்தாச்சுங்க. சொல்லி வச்ச மாதிரி பாதி! வீட்டம்மா "கண்ணாடியைத் தொடைச்சுட்டு வேற வேலையைப் பாருங்க"ன்னாங்க. அப்புறம் நான் பாக்காத நேரத்துல அவங்களும் இழுத்துப் பாத்திருக்காங்க, ரெண்டாவது கோடு இருந்தது.

கண் பாதியிலதான் இருக்கு. இத்தனை வருஷம் இந்த மூஞ்சியைச் சவரம் பண்றேன், இது தெரியலைங்க.


வாளையார் பாஸ்:

கண்ணாடிதான்னு முடிவு பண்ணியாச்சு. அப்ப ஆறன்முளைக் கண்ணாடி வாங்கிரலாமா சார்? கேரளாவுல இருந்துக்கிட்டு பீரோ கண்ணாடில வரையறது கேவலமா இல்ல?


பாறசாலை டிராயிங் சார்:

வாங்குற காசுக்கு உங்க ஆயுசுக்கும் பென்சில் வாங்கலாம் தம்பி. செம்பும் ஈயமும், வெள்ளீயந்தான், கலந்து வார்த்துத் தேய்ச்ச உலோகம் அது. மேல் முகமே பிம்பம் காட்டும். சாதாரணக் கண்ணாடியில பூச்சு பின்னால இருக்கறதால, விரல் நுனியை வச்சா கண்ணாடிக் கனத்தால விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும். ஆறன்முளையில அந்த இடைவெளி இருக்காது. அந்த வேலைக்காரக் குடும்பங்க நம்ம திருநெல்வேலிச் சீமையிலேருந்து போனவங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஆனா கைக்கண்ணாடி அளவுல வர்றதை வச்சு முகம் வரைய முடியாது. பீரோவே போதும்.


நகரி தறிக்காரன்:

நாள் கணக்கு கேட்டாரே, அதுக்கு வர்றேன். நாங்க ஆந்திரா பார்டர், திருத்தணி தாண்டி. வீட்டுலயே பவர்லூம்.

அந்த 21 எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. மாக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கை மாத்திக்கினவங்களுக்கு, கண்ணாடியில தெரியற புது மூஞ்சி பழகறதுக்குக் குறைஞ்சது 21 நாள் ஆவுதுன்னு 1960ல எழுதினாரு. ஜனங்க 'குறைஞ்சது'ன்றதை உட்டுட்டு 21ஐ மட்டும் புடிச்சிக்கினாங்க. ஆக அதுவே கண்ணாடியில மூஞ்சி பாத்த கணக்கு தான்.

ஒழுங்கா அளந்து பாத்தவங்க லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும். 96 பேரு, 12 வாரம். ஆளுக்கு ஒரு சின்ன வேலை, அதை தினமும் ஒரே சந்தர்ப்பத்துல செய்யணும், காலை டிபன் ஆனதும்ன்ற மாதிரி. 2010ல ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சி. யோசிக்காம தானா செய்யற நிலைமைக்கு வர்றதுக்கு நடுவாந்திரமா 66 நாள். ஆனா ஒரு ஆளுக்கு 18, இன்னொரு ஆளுக்கு 254ன்னு கணக்கு அவ்ளோ விரிஞ்சி கிடக்குது. அதனால 41ஆ 48ஆன்னு சண்டை போடறது வேஸ்ட். அதுல எனக்குப் புடிச்சது வேற: நடுவுல ஒரு நாள் உட்டுட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போவல. நம்மாளுங்க ஒரு நாள் உட்டா விரதம் முறிஞ்சிடுச்சின்னு மாலையைக் கழட்டிடறாங்க. மாலையைக் கழட்டாதீங்க.

நான் செய்யறது: காலையில டீ டம்ளரைக் கழுவி வெச்ச கையோட நோட்டு. அப்புறம் தான் தறி ஸ்விட்ச். மணி பாத்து வரைஞ்சா என்னைக்குமே நேரம் இருக்காது. டம்ளர் தினமும் இருக்குது.


புளியரை வாசகி:

நான் இங்க அதிகம் எழுத மாட்டேன். எல்லாரும் பீரோ கண்ணாடிங்கிறீங்க. ஆம்பளை அதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டா வரையறாரு. நான் போட்டா, "இவளுக்கு என்ன வந்துச்சு, எந்நேரமும் கண்ணாடி முன்னாடியே நிக்கா"ம்பாங்க மாமியார். கையில பென்சில் இருக்கறது யார் கண்ணுலயும் படாது. போதாததுக்கு விளக்கு வச்ச பிறகு கண்ணாடி பாக்கக் கூடாதும்பாங்க. எனக்கு நேரம் கிடைக்கறதே விளக்கு வச்ச பிறகுதான்.

அதனால நான் கண்ணாடியை விட்டுட்டேன். எவர்சில்வர் சம்படம் இருக்குல்ல, அதோட மூடில வரையறேன். குழம்பு கொதிக்கிற நேரம் கரண்டியில. ராத்திரி அடுப்படி ஜன்னல், வெளியே இருட்டானதும் கண்ணாடி ஆயிரும். பாப்பா மடியில தூங்கும்போது அணைச்சு வச்ச போன். சம்படத்துல மூக்கு ஒரு ஊருக்கு இருக்கும், காது காணாமப் போயிரும். பாத்தவங்க "இது யாரு?"ன்னு கேக்கறதில்ல, சம்படம்னு நினைச்சுக்கிறாங்க. நிம்மதி.

கேள்வி ஒண்ணு. அணைச்ச போன்ல பாத்து வரையறது சரியான பழக்கந்தானா? கண்ணு, உதடெல்லாம் சரியாவே தெரியாது. வெளிச்சமும் நிழலுந்தான் தெரியுது.


பாறசாலை டிராயிங் சார்:

அம்மா, நீங்க அறியாமலே பெரிய வித்தை ஒண்ணைப் பிடிச்சிட்டீங்க. 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இயற்கைக் காட்சி வரையப் போனவங்க கையில கறுப்புக் கண்ணாடி ஒண்ணு கொண்டுபோவாங்க. லேசாட்டு குவிஞ்சு இருக்கும். கிளாட் கண்ணாடின்னு பேரு, கிளாட் லொரேன்ங்கற ஓவியருக்க பேருல. காட்சிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்தக் கறுப்புல தெரியறதைப் பாத்து வரைவாங்க. சில்லறை விவரமெல்லாம் அடங்கி, வெளிச்சம் எங்க, நிழல் எங்கங்கறது மட்டும் மிஞ்சும். பிள்ளைங்களுக்கு இதைப் புரியவைக்க 'கண்ணைப் பாதி மூடிப் பாரு'ன்னு தொண்டை கிழிய கத்துவேன். உங்களுக்கு அணைச்ச போன் அதைச் செஞ்சு கொடுக்கு. நாலைஞ்சு திட்டுகளா மட்டும் பிரிச்சு நிழல் போடுங்க. கண், உதடு வேண்டாம். நிழல் சரியா விழுந்தா கண் இருக்குற இடம் தானா தெரியும்.

மாமியார் சமாச்சாரத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல. ஆனா ஒண்ணு சொல்லிப் பாருங்க. எங்க பக்கம் அய்யாவழிக்காரங்க பதி, நிழல்தாங்கல்ங்கற தங்க வழிபாட்டு இடங்கள்ல கண்ணாடிக்கு நேரா நின்னுதான் கும்பிடுவாங்க. ஸ்ரீநாராயண குரு 1927ல சேர்த்தலைக்குப் பக்கம் களவங்கோட்டுல சாமிக்குப் பதிலா கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செஞ்சாரு. கண்ணாடி முன்னால நிக்கிறது அப்படி ஒண்ணும் குறைச்சலான காரியமில்ல.


புளியரை வாசகி:

சொன்னேன் சார். "அவுக கும்பிட்டாக, நீ என்ன பண்ணுத?"ன்னாங்க. பதில் இல்ல எனக்கு. சம்படமே இருக்கட்டும்.


வாளையார் பாஸ்:

எல்லாரும் உருகறீங்க, நான் கொஞ்சம் கணக்குப் போடறேன். சுய உருவம்னா எல்லாரும் சொல்றது டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். 1606ல பிறந்து 1669ல செத்தாரு. ஆயுசு பூராவும் எண்ணெய் ஓவியம், செதுக்கு அச்சு, கோட்டுச் சித்திரம் எல்லாம் சேத்தே சுமார் 80தான். நாப்பது வருஷத்துக்குன்னா வருஷத்துக்கு ரெண்டு! வான்கோ 35க்கு மேல வரைஞ்சாரு, பெரும்பாலும் பாரிஸ்ல இருந்த ரெண்டு வருஷத்துல. மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை. ஜெர்மன்காரம்மா கேத்தே கோல்விட்ஸ் அம்பது வருஷத்துல நூறு மாதிரி.

ஒருத்தரும் தினமும் தன் மூஞ்சியை வரையல. தினமும் வரைஞ்சாங்க, ஆனா மத்ததையெல்லாம். அப்ப நம்மளை மட்டும் எதுக்கு தினமும் இந்தக் கொடுமைக்கு உக்கார வைக்கறீங்க? கை, கால், செருப்பு, காய்கறி, பக்கத்து வீட்டு ஆடு, எதை வேணா வரையலாமே.


நகரி தறிக்காரன்:

பாஸு, தினமும் வரையற ஆள் ஒருத்தர் இருக்காரு. பிரையன் லூயிஸ் சாண்டர்ஸ், அமெரிக்கா. 1995 மார்ச் 30லேர்ந்து தெனம் ஒண்ணு. ஆனா நீங்க கேட்டது நல்ல கேள்வி தான்.


பாறசாலை டிராயிங் சார்:

கணக்கு சரிதான். இதை நான் மறுக்கல. ஆனா அவங்க எப்போ தன் முகத்துக்கிட்ட போனாங்கன்னு பாருங்க. வான்கோ 1888 செப்டம்பர்ல ஆர்ல்ஸ்லேருந்து தம்பிக்குக் கடிதம் எழுதறாரு: மாடல் கிடைக்கல, அதனால நல்லதா ஒரு கண்ணாடி வாங்கியிருக்கேன்னு. மாடலுக்குக் கொடுக்கக் காசில்ல, ஆளுமில்ல. தன்னை உக்கார வச்சாரு. கொழிஞ்சாம்பாறைத் தம்பி குக்கர் கதை சொன்னாரே, ரெண்டும் ஒரே காரணம்.

அவங்களுக்குத் தினமும் வரையற பழக்கம் பட்டறையிலயே வந்தாச்சு. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1484ல, 13 வயசுல, கண்ணாடியைப் பாத்துத் தன்னை வரைஞ்சாரு. தட்டார் மகன். வெள்ளிக் கம்பியால, பூச்சுப் போட்ட தாள்ல. லேசுல அழிக்க முடியாத கோடு. அப்பேர்ப்பட்ட பையனுக்குப் பழக்கம் வர்றதுக்கு ஒரு மண்டலம் தேவையில்ல. நமக்கு வேணும். 'எதை'ங்கற கேள்வி தினமும் நம்மளை எழுப்பி விட்டுருதே, அந்தக் கேள்வியை எடுத்துப் போடறதுக்குத்தான் ஒரே பொருளைக் கட்டிப் பிடிக்கச் சொல்றேன். செருப்பும் ஒரே பொருள்தான், ஒத்துக்கிடறேன். ஆனா செருப்பு கோணினா தெரியாது. முகத்துல கண் ஒரு நூல் தள்ளிப் போனாலும் வேற ஆளாயிருவான், போலீஸ் தேடுற ஆளாயிருவான். தப்பு உடனே கண்ணுக்குத் தெரியணும், அதே சமயம் அதுக்காக யாரும் கோவிச்சுக்கிடக் கூடாது. ஊரான் முகத்தை வரைஞ்சா அவன் கோவிச்சுக்கிடுவான்.

பழக்கம் வந்தப்புறம் முகத்தை விட்டுருங்க, தாராளமா. ஆட்டை வரைங்க.


புளியரை வாசகி:

நான் விட மாட்டேன் சார். எனக்கு இது ஆட்டுக்குப் போறதுக்கு ஏணி இல்ல. நாள் பூரா எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டிருக்கேன், யாருக்கு என்ன வேணும்னு. என் மூஞ்சியைப் பாக்கற அஞ்சு நிமிஷம் இதுதான்.


வாளையார் பாஸ்:

அக்கா சொன்னதுக்கு நான் பதில் பேசல. மாஷ் சொன்னதைப் பாதி ஒத்துக்கறேன். ஆனா ஒத்துமையை ஒரு மாசம் மறக்கணும்ங்கறதை ஏத்துக்க முடியாது. ஒத்துமை வந்தாத்தான் அடுத்த நாள் உக்கார ஆசை வரும். கோடு சரி, அளவு சரி, ஆளு நானில்லைன்னா எவன் உக்காருவான்?


மறையூர்ப் பொண்ணு:

அண்ணா, அக்கா, சார், எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் ரெண்டாம் வருஷம். நானும் வரையறேன். எனக்கு ஒத்துமை வருது, நிறம் வரமாட்டேங்குது. நான் நல்ல கறுப்பு. வீடியோவுல எல்லாரும் முகத்தை அப்படியே வெள்ளையா விட்டுட்டு மூக்கு ஓரத்துல, கன்னத்துக்குக் கீழ கொஞ்சம் நிழல் போடறாங்க, முகம் வந்துருது. நான் அப்படிச் செஞ்சா வேற யாரோ வர்றாங்க. முழுசா நிழல் தேய்ச்சா அழுக்கா தெரியுது. இன்னொண்ணு, ஒரே முகம் சலிக்காதா சார்?


நகரி தறிக்காரன்:

பாப்பா, இதுக்கு என்கிட்ட பதில் இருக்குது. வெள்ளைப் பேப்பரை உட்ரு. ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் ஷீட் வாங்கு. ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும், இன்னொரு பக்கம் சொரசொரன்னு, சொரசொரப்புல வரை. பேப்பரோட நிறமே உன் தோலுக்கு நடு நிறம். இருட்டுக்குக் கரி, வெளிச்சத்துக்குச் சாக்பீஸ். நீ முழுசா தேய்க்கவே வேண்டியதில்ல. ரெண்டு வருஷத்துல பேப்பர் நொறுங்குமேன்னு கவலைப்படாதே, இது பழகற பேப்பர்.

கரி கடையில வாங்காதே. எங்களுக்குக் காளஹஸ்தி பக்கம். அங்க கலம்காரி போடறவங்க துணியில முதல் கோட்டைப் புளியங்குச்சிக் கரியால தான் இழுப்பாங்க. கடுக்காயும் பாலும் ஏத்தின துணி, கரிக்கோடு போட்டுட்டு அதுக்கு மேல மூங்கில் கலம், அதாவது பேனா. நான் பென்சில் கனத்துக்குப் புளியங்குச்சி ஒடிச்சி, பட்டை உரிச்சி, பழைய பால்பவுடர் டின்ல அடுக்கி, மூடியில ஒரு ஆணி ஓட்டை போட்டு அடுப்புல வெச்சிடுவேன். ஓட்டையில புகை நின்னுட்டா வெந்துடுச்சின்னு அர்த்தம். நல்லா ஆறினதுக்கு அப்புறம் தான் திறக்கணும்; சூட்டுல திறந்தா காத்து பட்டுச் சாம்பலாயிடும்.


பாறசாலை டிராயிங் சார்:

தறிக்காரர் சொன்னது முழுக்கச் சரி, மகளே. கூடுதலா ஒண்ணு. கறுத்த தோல்ல வெளிச்சம் பரவிக் கிடக்காது. நெத்தி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டுக்க நடு, அங்க மட்டும் பளிச்சுன்னு நிக்கும். அதனால முதல்ல இருட்டைத் தேடாதீங்க, எந்த இடம் ஆகக் கூடுதலா மின்னுதுன்னு தேடி, அந்த நாலு இடத்துல மட்டும் சாக்பீஸ். பிறவு கண்ணு முழியை வெள்ளையா விடாதீங்க. இமைக்க நிழல் அது மேல விழுந்து அது சாம்பல்தான். முழியை வெள்ளையா விட்டா முறைச்சுப் பாக்கற மாதிரி ஆயிரும். நீங்க சொன்ன 'வேற யாரோ' பாதி அங்கயிருந்துதான் வர்றாங்க. வெளிச்சம் ஒரு பக்கத்திலேருந்து வரட்டும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உக்காருங்க, டியூப்லைட்டுக்கு அடியில வேண்டாம்.

சலிக்குமான்னா, ரெம்பிராண்ட் இளவயசுல, 1630 வாக்குல, கண்ணாடி முன்னால முழிச்சு, சிரிச்சு, கோவப்பட்டு, ஒவ்வொண்ணையும் செப்புத் தகட்டுல செதுக்கினாரு. ஒரே முகந்தான், பத்து ஆளு. நம்ம ஓவியர் ஆதிமூலம், கீரனூர்க்காரர், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியமா போட்டாரு. நீங்க இன்னும் நூறுக்கு வரலியே.


கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ஒரு சந்தேகமுங்க, சிரிக்காதீங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, எல்லாரும் தூங்கறாங்கன்னு ஜீரோ வாட்ஸ் பல்ப்புல உக்காந்தேன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்ததும் மூஞ்சி மாறுது. ஒரு கண் கீழ இறங்குது, அப்புறம் எங்க அப்பா மாதிரி ஆகுது. அப்பா தவறி ரொம்ப நாளாச்சு. ராத்திரி கண்ணாடி பாக்கக் கூடாதுன்னு அக்கா வீட்டுல சொன்னாங்களே, அது இதுதானா?


வாளையார் பாஸ்:

சிரிக்கல. இது நிஜமான விஷயம். இத்தாலியில ஜியோவானி கபூட்டோன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2010ல எழுதினாரு. மங்கின வெளிச்சத்துல 50 பேரை 10 நிமிஷம் கண்ணாடி பாக்க வச்சாரு. மூணுல ரெண்டு பங்கு பேருக்குத் தன் முகம் பயங்கரமா உருமாறித் தெரிஞ்சது. சிலருக்கு அப்பா, அம்மா முகம். ஒரே புள்ளியை அசையாம பாத்தா சுத்தியிருக்கறதைக் கண் மெல்ல விட்டுருது, விட்ட இடத்தை மூளை தனக்குத் தெரிஞ்சதை வச்சு நிரப்பிக்குது. நல்ல பல்ப்பைப் போடு ப்ரோ, போயிரும். நீ நிமிந்து பாத்து, குனிஞ்சு வரைஞ்சுக்கிட்டே இருந்தாலும் வராது. நீ உத்துப் பாத்துட்டு கையை நிறுத்தியிருப்ப.


கொழிஞ்சாம்பாறைக்காரன்:

கை நின்னதென்னமோ நெசந்தானுங்க. பல்ப்பு மாத்தியாச்சு. ஆனா அந்த ஜாடையை மறுநாள் பகல்ல தேடிப் பாத்து வரைஞ்சேன், தாடையில இருக்குங்க. அந்தப் படத்தைப் பாத்துட்டு அம்மா ஒண்ணும் சொல்லல, நோட்டை வாங்கிட்டுப் போய் உள்ள வச்சிட்டாங்க. புது நோட்டு வாங்கணும்.

வாங்கறப்ப என்ன வாங்கறதுங்க மாஷே? இது பேப்பர் கனம் 80 ஜிஎஸ்எம், ரெண்டு தடவை ரப்பர் போட்டா பஞ்சாப் பிரியுது. அப்புறம் தறிக்காரர் சொன்ன கரி எதிர்ப்பக்கத்துல ஒட்டிக்குதே, அதுக்கு என்ன பண்றது?


பாறசாலை டிராயிங் சார்:

பென்சிலுக்கு 120க்கு மேல பாருங்க. ஹெச்பி ஒண்ணு, 4பி ஒண்ணு, அவ்வளவுதான். பெட்டி பெட்டியா வாங்க வேண்டாம். ரப்பரை ஒரு வாரம் ஒளிச்சு வச்சிட்டு, பால்பாயின்ட் பேனாவுல வரைஞ்சு பாருங்க, 80 ஜிஎஸ்எம்மே போதும்னு ஆயிரும். தப்புக் கோடு கிடக்கட்டும், பக்கத்துலயே சரியான கோட்டைப் போடுங்க.

கரிக்கு, பக்கத்துக்குப் பக்கம் நடுவுல பட்டர் பேப்பர் வைங்க. மேல தேய்க்காம, நிமித்தி அடுக்கி வச்சாப் போதும்.


மறையூர்ப் பொண்ணு:

பிரவுன் ஷீட்ல போட்டேன் சார். மூக்குத்தண்டுல ஒரே ஒரு சாக்பீஸ் கோடு, நான் வந்துட்டேன்! ஆனா மூக்குத்தி எதிர்ப்பக்கம் இருக்குன்னு ஃபிரண்டு சொல்றா.


நகரி தறிக்காரன்:

கண்ணாடி பாத்துப் போட்டா அப்படித்தான் பாப்பா. வான்கோ அறுத்துக்கினது இடது காது. 1889ல அவர் போட்ட படத்துல கட்டு வலது பக்கம் இருக்குது. திருத்தாதே, உட்ரு.


வாளையார் பாஸ்:

பட்டர் பேப்பர் சித்தூர்ல எங்க கிடைக்கும்? ஸ்டேஷனரில கேட்டா முழிக்கிறாங்க. எனக்கில்ல, சும்மா கேட்டேன்.


கொழிஞ்சாம்பாறைக்காரன்:

கேக் சாமான் விக்கற கடையில கேளுங்க பாஸ், ரோலா தருவாங்க. ரெண்டா வாங்கிடுங்க, ஒண்ணு எனக்கு.